‘ரஷ்யப் போகி’ அல்ல, வெண்ணெய் வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் பாதியிலோ நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். பனி மூடிய திடல், பூப்போட்ட சால்வை போர்த்திய கூட்டம், நடுவே கொழுந்துவிட்டு எரியும் வைக்கோல் பெண். படத்துக்கு அடியில் ‘சூரியனை வரவேற்கும் ரஷ்யர்களின் பான்கேக் திருவிழா’ என்று இரண்டு வரி. இடம் போதாதபோது வெறும் ‘ரஷ்யப் போகி’. ரஷ்ய மொழியைக் கற்பிப்பதும் மொழிபெயர்ப்பதும் எங்கள் தொழில் என்பதால், இந்த இரண்டு வரியில் எத்தனை பிழை என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூடவே வரும், பிளின் என்ற அந்த ரஷ்யப் பான்கேக்கின் செய்முறைப் பெட்டிச் செய்தியைப் பார்த்துச் சமைத்தவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அளவுகளை வைத்துச் செய்தால் வருவது மைதா தோசை.

முதலில் பெயர். இந்த விழாவின் ரஷ்யப் பெயரான மாஸ்லெனிட்சா ‘மாஸ்லா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் ரஷ்ய மொழியில் அது ஒன்றே சொல். இங்கே குறிப்பது வெண்ணெயை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஈஸ்டருக்கு முன் ஏழு வாரம் பெருநோன்பு. இறைச்சி, பால், தயிர், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. மீனுக்குக்கூட ஓரிரு நாள்தான் அனுமதி. இவ்வளவையும் ஒரே நாளில் நிறுத்துவதில்லை. நோன்பு தொடங்குவதற்கு எட்டு நாள் முன்பு வரும் ஞாயிறோடு இறைச்சி நிற்கும். அடுத்த ஏழு நாளும் பால், வெண்ணெய், முட்டை, மீன் உண்டு, இறைச்சி இல்லை. அந்த இடைப்பட்ட வாரம்தான் மாஸ்லெனிட்சா. திருச்சபை வழக்கில் இதற்குப் பாலாடைக்கட்டி வாரம் என்று பெயர். வழக்கமாகப் புதனும் வெள்ளியும் பாலை விலக்குபவர்கள் இந்த வாரம் அந்த இரு நாளும் பால் சாப்பிடலாம். ஆனால் அதே இரு நாளில் கோயிலில் திருப்பலி கிடையாது, நோன்புக்கால மன்றாட்டை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். கோயிலுக்குள் பாதி நோன்பு, வெளியே வீதியில் முழுக் கொண்டாட்டம்.

அதனால் ‘இறைச்சி, மது என்று விருந்து’ என்று எழுதுவது தவறு. இன்றைய ரஷ்ய நகரச் சந்தைகளில் கம்பியில் குத்திச் சுட்ட கறி விற்கத்தான் செய்கிறது. விற்பவர்களுக்குக் காலண்டர் கவலை இல்லை. ஆனால் வழக்கப்படியான மாஸ்லெனிட்சாப் பந்தியில் கறி இருக்காது.

நாள் கணக்கிலும் குழப்பம் வருகிறது. ஐரோப்பியர்களின் பான்கேக் செவ்வாயும் இதுவும் ஒன்றல்ல. அவர்களுக்குச் சாம்பல் புதனில் நோன்பு தொடங்கும், இவர்களுக்குத் திங்களில். ஈஸ்டர் நாளை இவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி கணிப்பதால் இரண்டும் சில ஆண்டு நெருங்கி வரும், சில ஆண்டு ஒரு மாதம் விலகும். 2024இல் பான்கேக் செவ்வாய் பிப்ரவரி 13, மாஸ்லெனிட்சா மார்ச் 11 முதல் 17 வரை. 2026இல் செவ்வாய் பிப்ரவரி 17, மாஸ்லெனிட்சா பிப்ரவரி 16 முதல் 22 வரை. கணக்கு எளிது: ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஞாயிறிலிருந்து ஏழு ஞாயிறு பின்னால் எண்ணினால் வருவது மாஸ்லெனிட்சாவின் கடைசி நாளான வழியனுப்பும் நாள். அதற்கு முந்தைய திங்கள் தொடக்கம்.

அப்படியானால் ‘குளிர்காலத்துக்கு விடைகொடுக்கும் விழா’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நோன்பு, ஈஸ்டர் என்ற பேச்சே இல்லாமல் இந்த விழாவை நடத்த சோவியத் அரசு கண்ட வழி அது. ‘ரஷ்யக் குளிர்காலத்துக்கு வழியனுப்பு’ என்ற பெயரில், நோன்புக் கணக்கைப் பாராமல் வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கலாச்சாரக் கூடத்தின் ஏற்பாட்டில் நடத்தினார்கள். பிளின், சறுக்கு வண்டி, வைக்கோல் பொம்மை எல்லாம் இருந்தன; கடைசி நாளில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் மன்னிப்பு ஞாயிறு மட்டும் இல்லை. பல ஊர்களில் அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் படக்குறிப்பும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வருகிறது.

இனி சூரியனுக்கு வருவோம். பிளின் வட்டமாக, பொன்னிறமாக, சூடாக இருக்கிறது, ஆகவே அது சூரியன் என்பது 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் ஊகம். வழக்கத்தில் எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு வானத்துத் தெய்வத்தைத் தேடிய காலம் அது. கல்லில் ஊற்றினால் மாவு வட்டமாகத்தான் பரவும், ஆப்பமும்தான் வட்டம். கிராமத்து வழக்கம் சொல்வது வேறு. ரஷ்யாவில் பிளின் என்பது இறந்தவர்களுக்கான உணவு. துக்க வீட்டுப் பந்தியில் இன்றும் அது உண்டு. மாஸ்லெனிட்சாவில் சுடும் முதல் பிளினைச் சில மாகாணங்களில் பரண் சன்னலில் வைப்பார்கள், மறைந்த பெற்றோருக்கு. சில இடங்களில் அதை ஒரு ஏழையிடம் கொடுத்து, செத்தவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இந்த வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமையே திருச்சபை நாட்காட்டியில் மறைந்தோர் அனைவருக்குமான நினைவு நாள். அமாவாசைப் படையலில் காக்கைக்கு முதல் கவளம் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தேவதைக் கதைகளின் அமைப்பை ஆராய்ந்தவராகத் தமிழ் நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் அறிந்த விளாதிமிர் பிராப், 1963இல் வெளியிட்ட வேளாண் பண்டிகை ஆய்வில், கொண்டாட்டத்துக்கு அடியில் ஓடும் இந்த நீத்தார் சடங்கைத்தான் முன்னே வைத்தார். சூரியக் கட்சிக்கும் ஒரு சான்று இருக்கிறது, மறைக்கக் கூடாது: சில ஊர்களில் பழைய வண்டிச் சக்கரத்துக்குத் தார் பூசிக் கம்பத்தின் உச்சியில் கொளுத்துவார்கள். அதைச் சூரியன் என்று சொன்னால் நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். பிளினை அப்படிச் சொல்வதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை.

பிளினுக்கான மாவில் நம் ஊர்ப் பெட்டிச் செய்திகள் செய்யும் முதல் தவறு வெறும் மைதா, பேக்கிங் பவுடர். பழைய பிளின் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த பக்வீட் மாவில் சுட்டது. வட இந்தியர் நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடும் குட்டு மாவேதான் அது. சென்னையில் வட இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும். அதில் குளூட்டன் இல்லாததால் தனியாகப் போட்டால் திருப்பும்போது பிய்ந்துவிடும். பாதிக்குப் பாதி மைதா சேர்க்க வேண்டும்.

பதினெட்டு, இருபது சென்டிமீட்டர் அகலத்தில் முப்பது பிளினுக்கு அளவு இது: மைதா 250 கிராம், குட்டு மாவு 250 கிராம், பால் ஒரு லிட்டர், முட்டை 3, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, உலர் ஈஸ்ட் 7 கிராம். ஈஸ்ட் அளவு ரஷ்யச் சமையலறைக்கு. சென்னை வெயிலில் பாதி போதும். அரை லிட்டர் பாலை விரல் பொறுக்கும் சூட்டில், 35 முதல் 38 டிகிரிக்குள், வைத்து அதில் ஈஸ்ட், ஒரு சிட்டிகை சர்க்கரை, மைதா கரைத்து மூடிவைக்க வேண்டும். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு எத்தனை மணி நேரம் ஆனாலும் அசையாது. இந்த முதல் மாவை ரஷ்யர்கள் ‘அபாரா’ என்பார்கள். அது இரு மடங்காகப் பொங்கி, நடுவில் குழிவிழத் தொடங்கும் நேரம்தான் பதம். குழி முழுவதும் விழுந்துவிட்டால் புளிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அது பொங்கும் நேரத்தில் மீதி அரை லிட்டர் பாலைக் கொதிக்கவிட்டுக் குட்டு மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டியில்லாமல் அடித்து ஆறவைக்க வேண்டும். கொதிபாலில் வெந்தால்தான் குட்டு மாவின் கசப்பும் நறநறப்பும் போகும். ஆறிய பிறகு அதை அபாராவோடு சேர்த்து, மஞ்சள் கரு, வெண்ணெய், உப்பு, மீதிச் சர்க்கரை போட்டுக் கலக்கி இன்னொரு முறை பொங்கவிட வேண்டும். கடைசியில் வெள்ளைக் கருவை நுரை நிற்க அடித்து, கீழிருந்து மேலாக மெல்லப் புரட்டிச் சேர்த்து, இருபது நிமிடம் தொடாமல் விட வேண்டும். இந்த இடத்துக்குப் பிறகு மாவைக் கலக்கக் கூடாது. இட்லி மாவைக் கரண்டியால் அடித்துக் காற்றை வெளியேற்றக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. கரண்டியைப் பாத்திரத்தின் ஓரமாக இறக்கி அள்ள வேண்டும்.

கல் வார்ப்பிரும்பாக இருப்பது நல்லது. புதுக் கல்லாக இருந்தால் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுப் புகை வரும்வரை வறுத்து, துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் தடவ நாம் வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கம்பியில் குத்துவதுபோல் அவர்கள் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்துகிறார்கள். பன்றிக் கொழுப்புத் துண்டால் தடவுவது மற்ற நாளுக்குச் சரி, இந்த வாரத்துக்குச் சரியில்லை, இறைச்சி நின்றாயிற்றே. உருக்கிய வெண்ணெய், அதாவது நெய், பொருத்தம். மாவைத் தோசைபோல் கரண்டியின் பின்புறத்தால் தேய்க்கவே கூடாது. ஒரு சிறு கரண்டி, ஏறக்குறைய 60 மில்லி, ஊற்றி ஆப்பச்சட்டியைச் சுழற்றுவதுபோல் கல்லையே சாய்த்துச் சுழற்ற வேண்டும். மேலே துளைகள் திறந்து, ஈரப்பளபளப்பு மங்கியதும் திருப்ப வேண்டும். முதல் பக்கம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், மறுபக்கம் அரை நிமிடம். எடுத்தவுடன் வெண்ணெய் தடவி அடுக்கி, துண்டால் மூடிவைக்க வேண்டும். திறந்து வைத்தால் ஓரம் வறண்டு முறுகிவிடும்.

துளையே விழவில்லை என்றால் கல் காயவில்லை, அல்லது மாவு பொங்கவில்லை. ரப்பர்போல் இழுபட்டால் மைதாவைச் சேர்த்த பிறகு அளவுக்கு மீறி அடித்திருக்கிறீர்கள். திருப்பும்போது கிழிந்தால் மாவு நீர்த்துவிட்டது; ஒரு கை மைதாவைக் கொஞ்சம் மாவில் தனியே குழைத்துச் சேர்த்து, மறுபடி பொங்கவிட வேண்டும். அடி கருகி நடு பச்சையாக இருந்தால் சர்க்கரை கூடிவிட்டது அல்லது தணல் அதிகம். முதல் பிளின் எப்படியும் சரியாக வராது. அதற்கென்றே ரஷ்ய மொழியில் ‘முதல் பிளின் கட்டி’ என்று பழமொழி இருக்கிறது. எந்த வேலையிலும் முதல் முயற்சி சறுக்கினால் இதைத்தான் சொல்வார்கள். கல்லின் சூடு, மாவின் பதம், உப்பு மூன்றையும் சோதிக்கத்தான் அந்த முதல் பிளின். ‘கட்டி’ என்ற சொல்லைச் சற்றே மாற்றி, ‘முதல் பிளின் கரடிகளுக்கு’ என்று அர்த்தம் செய்து, பண்டைய ஸ்லாவியர் கரடிக்குப் படையல் வைத்தார்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. பழைய பழமொழித் தொகுப்புகளில் இருப்பது கட்டிதான், கரடி இல்லை. இன்னொன்றும் சொல்லலாம்: கை சுட்டுக்கொண்டாலோ பேருந்தைத் தவறவிட்டாலோ ரஷ்யர் வாயிலிருந்து வருவதும் ‘பிளின்!’தான், ஒரு கெட்ட வார்த்தையின் நாசூக்கான மாற்றாக. படக்குறிப்பு எழுதுபவர்கள் கவனிக்க: ஒன்று என்றால் பிளின், பல என்றால் பிளினி. ‘பிளினிகள்’ என்பது ‘மக்கள்கள்’ என்பதுபோல.

தொட்டுக்கொள்ள ஸ்மெத்தானா எனப்படும் புளித்த பாலேடு. கொழுப்பு இருபது முப்பது சதவீதம் இருக்கும் என்பதால் நம் தயிர் அதற்கு ஈடாகாது; கெட்டியான ஏட்டை இரவு முழுவதும் உறையூற்றி வைத்தால் ஓரளவு வரும். மீன் முட்டை, உப்பிட்ட மீன், தேன், பழப்பாகு எல்லாம் அவரவர் வசதி. நறுக்கிய வெங்காயம், அவித்த முட்டைத் துருவலைக் கல்லில் தூவி அதன்மேல் மாவை ஊற்றிச் சுடுவதும் உண்டு.

ஏழு நாளுக்கும் ஏழு பெயர். திங்கள் வரவேற்பு, செவ்வாய் விளையாட்டு, புதன் தின்பண்டம், வியாழன் களியாட்டம், வெள்ளி மாமியார் மாலை, சனி நாத்தனார் கூடல், ஞாயிறு வழியனுப்பு. இந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் நாட்டார் வழக்குகளைத் தொகுத்தவர்கள் ஒழுங்குபடுத்தி எழுதியது இது. திங்கள் முதல் புதன் வரை ‘குறுகிய மாஸ்லெனிட்சா’, வீட்டு வேலை நடக்கும். வியாழன் முதல் ‘அகன்ற மாஸ்லெனிட்சா’, வேலை நிற்கும். பல ஊர்களில் கொண்டாட்டமே வியாழனில்தான் தொடங்கும்.

இதில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுகிறோம். ஆங்கிலத்தில் ‘சட்டப்படி சகோதரி’ என்று ஒரே சொல்லில் போட்டு மூடிவிடும் உறவுகளுக்கு ரஷ்ய மொழியில் தனித்தனிச் சொல் உண்டு. ‘ஸலோஃப்கா’ என்றால் கணவனின் சகோதரி மட்டும்தான். நமக்கு நாத்தனார். ஆங்கிலச் செய்தியைப் பார்த்து ‘மைத்துனிகள் தினம்’ என்று மொழிபெயர்த்தால் சனிக்கிழமையின் கதையே மாறிப்போகும். அன்று புதுமருமகள் கணவனின் சகோதரிகளை அழைத்து விருந்து வைத்துப் பரிசு கொடுக்க வேண்டும். நாத்தனாரைச் சமாதானமாக வைத்துக்கொள்வதற்கு ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

மாமியார் விஷயத்தில் தமிழ்தான் கொஞ்சம் பின்தங்குகிறது. மனைவியின் தாய் ‘த்யோஷா’, கணவனின் தாய் ‘ஸ்விக்ரோஃப்’. நமக்கு இருவரும் மாமியார். மாஸ்லெனிட்சாவின் மாமியார் முன்னவர், அதாவது மருமகனுக்கு மாமியார். புதன்கிழமை அவர் மருமகன்களை வீட்டுக்கு அழைத்துப் பிளின் சுட்டுப் போடுவார். வெள்ளிக்கிழமை முறை மாறும்: மருமகன் அவரை அழைக்க வேண்டும், முந்தைய நாளே நேரில் போய், முறையாக. அழைப்பு வந்ததும் மாமியார் சும்மா வருவதில்லை. பிளின் சுடும் கல், கரண்டி, மாவு கரைக்கும் மரத்தொட்டி எல்லாவற்றையும் முதல் நாள் மாலையே மகள் வீட்டுக்கு அனுப்பிவைப்பார். மாமனார் பங்காகப் பக்வீட் மாவு மூட்டையும் பசு வெண்ணெயும் போகும். விருந்து கொடுப்பவர் மருமகன், சாமான் எல்லாம் மாமியார் வீட்டுடையது. இந்த மரியாதையைச் செய்யாத மருமகன் மாமியாரை அவமதித்தவனாவான், பகை ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

வீர விளையாட்டுகளில் ‘சுவருக்குச் சுவர்’ எனப்படும் குத்துச்சண்டையைப் பற்றிக் காட்டுத்தனம் என்ற தொனியில் எழுதுகிறார்கள். இரண்டு தெருவோ இரண்டு ஊரோ வரிசைகட்டி மோதும். ஆனால் விதிகள் கறார். விழுந்தவனை அடிக்கக் கூடாது, பின்னாலிருந்து தாக்கக் கூடாது, கையுறைக்குள் இரும்பு, கல் எதையும் ஒளிக்கக் கூடாது. ஒளித்தவன் பிடிபட்டால் அவன் கட்சிக்காரர்களே உதைப்பார்கள். 1726இல் முதலாம் கேத்தரின் அரசாணை இந்தச் சண்டையைத் தடை செய்யாமல் ஒழுங்குபடுத்தத்தான் பார்த்தது.

சைபீரியாவில் பனிக்கோட்டை பிடிக்கும் ஆட்டம். பனியை வெட்டிச் சுவர் எழுப்பி, தண்ணீர் ஊற்றி இறுகவைத்து, உள்ளே ஒரு கூட்டம் நிற்கும்; குதிரை வீரர்கள் சுவரை உடைத்துக்கொண்டு பாய வேண்டும். காப்பவர்கள் மிளாறும் பனி உருண்டையுமாகக் குதிரையை மிரட்டுவார்கள், ஆளை அல்ல. க்ராஸ்னயார்ஸ்க்கில் பிறந்த ஓவியர் வசீலி சூரிக்கவ் 1891இல் வரைந்த பெரிய ஓவியம், சுவர் உடைந்து பனி சிதறும் அந்தக் கணம்தான். பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பம் ஏறும் போட்டி நமக்குப் புதிதல்ல, வழுக்குமரம்தான். எண்ணெய்க்குப் பதில் மேலே ஊற்றிய தண்ணீர் உறைந்த பனிக்கட்டி. உச்சியில் புது பூட்ஸோ, சமோவார் எனப்படும் தேநீர்க் கொதிகலமோ தொங்கும். துணி வழுக்கும், வெறும் உடம்புக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும் என்பதால் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறுகிறார்கள். படத்தைப் பார்த்து ‘குளிரைப் பொருட்படுத்தாத இளைஞர்’ என்று எழுதினால் பாதிதான் உண்மை.

பனிச்சறுக்கு மேடை பீட்டர்ஸ்பர்க் மாஸ்லெனிட்சாவின் அடையாளமாக இருந்தது. பத்து மீட்டருக்கும் உயரமான மரக்கோபுரம், ஏற ஒருபுறம் படி, மறுபுறம் பனிக்கட்டிப் பாளங்கள் பதித்துத் தண்ணீர் ஊற்றிய சரிவு. எதிரெதிரே இரண்டு கட்டுவார்கள். ஒன்றில் சறுக்கி முடியும் இடத்தில் மற்றொன்றின் படி. பிரெஞ்சுக்காரர்கள் ரோலர் கோஸ்டருக்கு ‘ரஷ்ய மலைகள்’ என்று பெயர் வைத்தது இதனால்தான். ரஷ்யர்கள் அதே ரோலர் கோஸ்டரை ‘அமெரிக்க மலைகள்’ என்கிறார்கள். மேடைகளைச் சுற்றிப் பலகையில் அடித்த தற்காலிக நாடகக் கொட்டகைகள் இருக்கும். 1836இல் பீட்டர்ஸ்பர்க் கொட்டகை ஒன்று தீப்பிடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

தீ என்றதும் அந்த வைக்கோல் பெண்ணுக்குத் திரும்பியாக வேண்டும். ரஷ்ய மொழியில் அவள் ‘சூச்சிலா’. சோளக்கொல்லைப் பொம்மைக்கும் அதே சொல். போகியோடு ஒப்பிட ஒரு நியாயம் உண்டு: சிறுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய கூடை, உடைந்த பீப்பாய், பிய்ந்த மிதியடி கேட்டு வாங்கிவந்து தீயில் போடுவார்கள். ஆனால் பொம்மை பழையது இல்லை. அந்த வாரத்துக்கென்றே புதிதாகச் செய்து, உடுத்தி, வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றி, பிளின் கொடுத்து உபசரித்து, கடைசியில்தான் எரிப்பார்கள். எல்லா ஊரிலும் எரிப்பதும் இல்லை. சில இடங்களில் பிய்த்து வயலில் இறைப்பார்கள், சில இடங்களில் ஆற்றில் விடுவார்கள். வடக்கிலும் சைபீரியாவிலும் பொம்மையே இல்லாமல் தீ மட்டும் மூட்டும் ஊர்கள் பல. எரித்த சாம்பல் போய்ச் சேர்வதும் வயலுக்குத்தான். கெட்டதை ஒழிப்பது இதன் நோக்கமில்லை. செத்துப்போகும் ஒருத்தியின் வலிமை விளைச்சலுக்குப் போகட்டும் என்பதுதான். சூரசம்ஹாரம்போலப் படக்குறிப்பு எழுதாதீர்கள். திருச்சபைக்கும் இந்த எரிப்புக்கும் தொடர்பில்லை. கோயில் சடங்கு எதிலும் அது கிடையாது.

செய்முறையைச் சொன்னால் படத்தில் தெரிவது புரியும். இரண்டரை மீட்டர் கழி, தோள் உயரத்தில் ஒன்றரை மீட்டர் குறுக்குக் கட்டை, அதைச் சுற்றி ரை என்ற தானியத்தின் வைக்கோல் கற்றைகள். தலை, வைக்கோல் திணித்த வெள்ளைத் துணிப்பை, முகம் கரியால். உடை பருத்தியாக இருக்க வேண்டும், செயற்கை இழை உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். ஈர வைக்கோல் எரியாமல் மணிக்கணக்கில் புகையும். பெட்ரோல் ஊற்றினால் ஆவி பிடித்து வெடிப்பதுபோல் தீ எழும், அருகில் நிற்பவர் புருவம் போகும்; உள்ளே காய்ந்த சுள்ளி வைப்பதே முறை. எல்லோரும் கோட்டைவிடுவது அடித்தளத்தில். கழியைப் பனியில் குத்தி நிறுத்தினால், சூட்டில் பனி உருகிப் பாதி எரிந்த பொம்மை கூட்டத்தின் பக்கம் சாயும். மண்வரை தோண்டி நட வேண்டும், அல்லது குறுக்குக் கட்டைகளில் அறைந்து நிறுத்த வேண்டும்.

காலுகா மாகாணத்தின் நிக்கோலா–லெனிவெட்ஸ் கலைப்பூங்காவில் எரிப்பவை வேறு ரகம். 2018இல் கலைஞர் நிக்கொலாய் பலீஸ்கியும் குழுவும் மரக்கிளைகளால் எழுப்பிய பிரம்மாண்டமான கோத்திக் கோபுரத்தை எரித்தார்கள். தேவாலயத்தை எரிப்பதுபோல் இருக்கிறது என்று ரஷ்யாவிலேயே பெரிய சர்ச்சை ஆயிற்று. அது நவீனக் கலை நிகழ்வு. அந்தப் படத்தைப் போட்டு ‘பண்டைய வழக்கம்’ என்று எழுதுவது சரியல்ல.

படமெடுப்பவர்கள் தீயோடு கிளம்பிவிடுவதால் ஞாயிறின் மற்ற பாதி செய்தியில் வருவதே இல்லை. அன்று மன்னிப்பு ஞாயிறு. மாலை வழிபாட்டின் நடுவிலேயே குருவின் உடையும் திரைகளும் கருநிறத்துக்கு மாறும். முதலில் குரு மக்களை வணங்கி மன்னிப்புக் கேட்பார், பிறகு ஒருவருக்கொருவர். வீட்டில் இளையவர் பெரியவர் காலில் விழுவதோடு நிற்காது. பெரியவரும் இளையவரிடம் கேட்க வேண்டும். ‘என்னை மன்னித்துவிடு’ என்றால் பதில் ‘கடவுள் மன்னிப்பார்’. ‘பரவாயில்லை’ என்று சொல்வது முறையல்ல. கல்லறைக்குப் போய் இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் உண்டு. சன்னலில் வைத்த முதல் பிளினும் இதுவும் ஒரே நூலின் இரு முனை.

மறுநாள் தூய திங்கள். கொழுப்பு வாடை போகச் சாம்பல் நீரும் வெந்நீருமாகப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். பால் கேட்டு அழும் பிள்ளைகளிடம், பால் நேற்றுத் தீயில் எரிந்துபோயிற்று, ரஸ்தோவ் நகருக்குப் பறந்துபோயிற்று என்பார்கள். ஆண்களுக்கு அன்று ‘பல் கொப்பளிப்பு’ என்று ஒரு சாக்கு: பல்லிடுக்கில் வெண்ணெய் மிச்சம் இருக்கிறதாம், வோட்காவால் கழுவ வேண்டுமாம்.

இன்னொரு குழப்பம் மார்ச் 22இல் வரும். பறவை உருவில் ரொட்டி சுட்டு வசந்தத்தை அழைக்கும் படம் வந்தால் அது மாஸ்லெனிட்சா அல்ல, நாற்பது மறைசாட்சியர் நாள். ரொட்டிக்குப் பெயர் வானம்பாடி. அது எப்போதும் நோன்புக்குள் விழுவதால் மாவில் பாலும் முட்டையும் சேராது. விரல் பருமனில் ஒரு சாண் நீளத்துக்கு உருட்டி, முடிச்சுப் போட்டு, ஒரு முனையைக் கிள்ளி அலகாக்கி, மறு முனையை நசுக்கிக் கத்தியால் கீறி வாலாக்கி, கண்ணுக்கு உலர்திராட்சை பதித்தால் வானம்பாடி. முடிச்சை இறுக்கினால் நடுவில் வேகாது. மேலே முட்டை தடவச் சொல்லும் செய்முறை நோன்பு தெரியாதவர் எழுதியது. சர்க்கரை போட்ட கடுந்தேநீர் தடவினாலே நிறம் வரும்.

2027இல் மாஸ்லெனிட்சா மார்ச் 8 முதல் 14 வரை. திங்கள் அன்று மகளிர் தினமும் சேர்வதால் முதல் நாள் வரும் படங்களில் பூங்கொத்துகள் தெரியும். அவற்றுக்கும் இந்த விழாவுக்கும் தொடர்பில்லை. மார்ச் நடு என்பதால் பனி இளகிச் சேறாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ‘பனியில்’ என்று எழுதும் முன் படத்தில் தரையைப் பாருங்கள். பொம்மை எரிவது 14ஆம் தேதி ஞாயிறு. மாஸ்கோ நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். அங்கே மாலை ஐந்துக்கு மூட்டிய தீ இங்கே இரவு ஏழரை மணிக்கு மேசைக்கு வரும். பக்கம் முடிக்க நேரம் இருக்கும். படக்குறிப்பில் இவ்வளவு போதும்: ‘பெருநோன்புக்கு முந்தைய வெண்ணெய் வாரத்தின் கடைசி நாளான நேற்று, மாஸ்கோவில் வைக்கோல் பொம்மையை எரித்து வழியனுப்பினர்.’

இப்படிக்கு,
ரஷ்ய மொழி கற்பிக்கும் வாசகர்கள் இருவர்,
சென்னை